கூரைப்புடவைக்கு அடியில் ஒரு மார்க்ஸ் கார்டு

கேள்வி: முப்பது வருடமாக பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். மூத்தவனுக்கு 24 வயது, பி.காம். முடித்தவன். போன தீபாவளிக்கு முன்னால், தான் ஆண் இல்லை, பெண் என்று சொல்லிவிட்டான். அப்பாவோடு வாய்த்தகராறு முற்றி, இப்போது பாணஸ்வாடியில் தோழிகளோடு தங்கியிருக்கிறான். அரசு வேலையில் ஒதுக்கீடு இருக்கிறதாம், விண்ணப்பம் போடச் சர்டிபிகேட் வேண்டும் என்று மூன்று முறை வந்தான். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். எல்லாம் என் கூரைப்புடவைக்கு அடியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. போன மாதம் ஏதோ சட்டப் பிரிவை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இந்த வீட்டில் இருக்க எனக்கு உரிமை உண்டு’ என்று எழுதியிருக்கிறான். அவரோ டி.வி. விவாதங்களைப் பார்த்துவிட்டு, இந்தச் சட்டங்களே குடும்பத்தை உடைக்க வந்தவை என்கிறார். சின்னவளுக்கு வரன் பார்க்கும் நேரம் வேறு. பெற்றவர்களுக்கு எதிராகப் பிள்ளையைத் தூண்டிவிடும் சட்டம் நியாயமா?
– பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: சட்டம் நியாயமா என்பதற்கு வருகிறேன், சகோதரி. முதலில் அந்தக் கூரைப்புடவையை எடுத்து ஓரமாக வையுங்கள்.

பத்திரமாகத்தான் இருக்கிறது என்கிறீர்களே, யாரிடமிருந்து பத்திரம்? திருடனுக்கு பி.யு.சி. மார்க்ஸ் கார்டு எதற்கு? அதற்கு உரிய ஒரே ஆள் மூன்று தடவை வாசலுக்கு வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மூன்று தடவையும் காபி கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாக எழுதவில்லை. ‘எங்கே வைத்தேனோ, தேடிப் பார்க்கிறேன்’ என்று ஏதாவது சொல்லியிருப்பீர்கள். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் பல வருடங்களாக வருகின்றன. எல்லாவற்றிலும் அப்பாதான் வில்லன், அம்மா நடுவில் மாட்டிக்கொண்ட பாவப்பட்டவள். உங்கள் கடிதத்திலும் அவர் கத்துகிறார், டி.வி. பார்க்கிறார். ஆனால் ஒளித்து வைத்தது அவர் இல்லை, நீங்கள்.

அந்தக் காகிதங்கள் எதற்குத் தேவை என்று தெரியுமா? 2021-ல் கர்நாடக அரசு தன் பணி நியமன விதிகளைத் திருத்தி, நேரடி நியமனத்தில் திருநர்களுக்கு 1 சதவீதம் ஒதுக்கியது. தனிக் கூடையில் இல்லை. பொதுப் பிரிவு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் என்று ஒவ்வொரு பிரிவுக்கு உள்ளேயும் அந்த ஒன்று உண்டு. நாட்டிலேயே இப்படிச் செய்த முதல் மாநிலம் நீங்கள் குடியிருக்கிற மாநிலம். நூற்றில் ஒரு இடம். அதற்குப் பெங்களூருக்கு வெளியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். உங்கள் பெண் அந்த வரிசையில் போய் நிற்பதற்கே எஸ்.எஸ்.எல்.சி. தொடங்கி எல்லாம் வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் ஹாலில் உட்கார்ந்து ஒதுக்கீடு சரியா தப்பா என்று டி.வி.யோடு வாதாடட்டும். அந்த ஒதுக்கீட்டின் கதவை நீங்கள் பீரோவுக்குள் ஏற்கெனவே சாத்திவிட்டீர்கள்.

(கடிதம் முழுக்க ‘அவன்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். நான் ‘உங்கள் பெண்’ என்றுதான் எழுதப் போகிறேன். 24 வயதுப் பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதைத் திருத்தும் வேலை எனக்கு இல்லை.)

சரி, சட்டம். அவள் அனுப்பியது 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 12-வது பிரிவாகத்தான் இருக்கும். பெற்றோர் வாழும் வீட்டில் வாழ உரிமை, அந்த வீட்டிலிருந்தோ அதன் ஒரு பகுதியிலிருந்தோகூட ஒதுக்கப்படாமல் இருக்க உரிமை, அங்குள்ள வசதிகளைப் பாகுபாடு இல்லாமல் பயன்படுத்த உரிமை. கட்டாயப்படுத்தி வீட்டை விட்டு வெளியேற வைத்தால் 18-வது பிரிவில் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை என்றும் அதே சட்டம் சொன்னது.

இதைக் குடும்பத்தை உடைக்கும் சட்டம் என்கிறார் உங்கள் கணவர். திருநர் அமைப்புகள் இதே பிரிவை எதிர்த்தது ஏன் என்று அவரிடம் சொல்லுங்கள். பெற்ற வீடு கவனிக்க முடியாது என்றால் நீதிமன்றம் அவளை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பும் என்கிறது அது. பெற்ற வீடு, இல்லாவிட்டால் மையம். மூன்றாவது வழி கிடையாது. வீட்டில் அடிபட்டுத் துரத்தப்பட்டவர்கள் தங்களுக்குள் அம்மா, மகள் என்று முறை வைத்து ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்களே, அந்தக் குடும்பம் சட்டத்தின் கண்ணில் படவில்லை. பெற்றவர்களை இவ்வளவு நம்பலாமா என்பதுதான் அவர்கள் சண்டை. அந்த நம்பிக்கைக்கு நீங்கள் செய்த மரியாதை மூன்று டம்ளர் காபி.

வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்று அவர் சொல்லக்கூடும். தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008-லேயே வந்துவிட்டது. 2014 ஏப்ரலில், தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த வருடமே தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினரின் மசோதா, மாநிலங்களவையில் நிறைவேறியது. ஒரு தனிநபர் மசோதா அப்படி நிறைவேறிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அப்புறம் அரசு தன் பங்குக்கு 2016-ல் ஒரு மசோதா கொண்டுவந்தது. யார் திருநர் என்று ஒரு குழு உட்கார்ந்து பார்த்துச் சொல்லும் என்று அதில் இருந்ததை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். 2019 சட்டத்தில் குழு போய், மாவட்ட ஆட்சியர் சான்றிதழ் வந்தது.

யார் வேண்டுமானாலும் பெண் என்று சொல்லிக்கொண்டு இடத்தைப் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி தப்பில்லை, சான்றிதழ் வேண்டுமா, சொந்தச் சொல்லே போதுமா என்று சட்டம் படித்தவர்களே அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டில் அந்தச் சந்தேகத்துக்கு இடம் ஏது? ஒரு குமாஸ்தா வேலைக்காகவா உங்கள் பிள்ளை தீபாவளியும் அதுவுமாக வீட்டை இழந்தாள்?

பெற்ற அப்பாவுக்குச் சட்டப் பிரிவை அனுப்பியது எனக்கும் பிடிக்கவில்லை. நான் பழைய காலத்து ஆள். அப்பாவிடம் கோபத்தை நேரில் காட்ட வேண்டும், வாட்ஸ்அப்பில் எண் போட்டு அனுப்பக் கூடாது என்று நினைப்பவள். இந்தப் பத்தியை அவள் படித்தால், அவளுக்கும் இதுதான் நான் சொல்வது. ஆனால் நீங்கள் எழுதிய வரிசையைப் பாருங்கள். மூன்று தடவை நேரில் வந்து கேட்டாள். அதற்கு அப்புறம்தான் சட்டம் வந்தது. பிள்ளை சட்டத்தைத் தேடிப் போகும்படி செய்தது யார்?

எனக்குத் தெரிந்த வரையில் பெற்றவர் என்ற வேலையில் ராஜினாமா கிடையாது. ஒத்துக்கொள்ள முடியவில்லை, புரியவில்லை, ராத்திரி தூக்கம் வரவில்லை, எல்லாம் இருக்கட்டும். அதையெல்லாம் வைத்துக்கொண்டே சோறு போட வேண்டும், படித்த படிப்புக்கான காகிதத்தைக் கையில் கொடுக்க வேண்டும்.

சின்னவள் கல்யாணம்: வரன் வீட்டாரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துக் கட்டிக் கொடுத்தால் அந்தப் பயத்தைச் சின்னவள்தான் ஆயுசு முழுக்கச் சுமப்பாள். விலகிப் போகிறவர்கள் இப்போதே போகட்டும்.

அவள் நாலாவது தடவை வரும்வரை காத்திருக்காதீர்கள். அல்சூரிலிருந்து பாணஸ்வாடி என்ன காத தூரமா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து நீங்களே போங்கள். கணவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அனுமதி கேட்க வேண்டாம். மார்க்ஸ் கார்டு, பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக் கொடுங்கள். சான்றிதழுக்காக டி.சி. (மாவட்ட ஆட்சியர்) ஆபீஸுக்குப் போக வேண்டி வந்தால் கூடப் போய் நில்லுங்கள். இத்தனை மாதம் புடவைக்கு அடியில் கிடந்ததில் மடிப்பு விழுந்திருக்கும். அதற்காக லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். அதில் இனிமேல்தான் பெயர் மாற்ற வேண்டியிருக்கிறது.