முன் ஃபோர்க் ஒழுகுகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மழைக்காலம் முடிந்ததும் பைக்கின் ஃபோர்க் ஆயில் சீல் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் கால்களிலும், உள்ளே இருக்கும் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) பற்றிக் கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். சீலை வீட்டிலேயே மாற்றலாமா என்பதுதான் பாதிப் பேரின் கேள்வி. மாற்றலாம். கை பழகாதவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், அவ்வளவுதான். ஆனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் டியூபை, அதாவது சீலுக்குள் ஏறி இறங்கும் பளபளப்பான குழாயை, நகத்தால் தடவிப் பாருங்கள். ஏன் என்று தூத்துக்குடிக்காரருக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது.

கேள்வி (வேலூர்): என் பைக் முன்னாடி ஆயில் லீக் ஆகுது. எவ்வளவு செலவாகும்?

பதில்: எந்த வண்டி? டிஸ்க்கா, டிரம்மா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? ஒன்றுமே எழுதாமல் செலவு மட்டும் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். 100 சிசி வண்டி என்று வைத்துக்கொண்டால், இரண்டு பக்கத்துக்கும் ஆயில் சீல், அதன் மேலே மண்ணைத் தடுக்கும் டஸ்ட் சீல் சேர்த்து 200, 300 ரூபாய்; ஆயிலுக்கு இன்னொரு 200. ஒரு பக்கம் மட்டும் ஒழுகினாலும் இரண்டையும் மாற்றுங்கள்.

கேள்வி (கரூர்): ஸ்ப்ளெண்டர் வைத்திருக்கிறேன். டியூபில் லேசாக எண்ணெய் பளபளப்பு தெரிகிறது, சொட்டவில்லை. மாற்றியே ஆக வேண்டுமா?

பதில்: மெல்லிய ஈரம் கசிவாகாது. சீலின் உதடு வழுக்கி ஓட அந்த ஈரம் வேண்டும். நன்றாகத் துடைத்துவிட்டு 50 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். டியூபைச் சுற்றிக் கருப்பு வளையம் விழுந்தாலோ, துடைத்த துணி நனைந்தாலோதான் கசிவு. அப்போதும் உடனே கழற்ற வேண்டாம். டஸ்ட் சீலை மேலே நகர்த்திவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கொக்கி மாதிரி வெட்டி, சீலுக்கும் டியூபுக்கும் நடுவே செருகி ஒரு சுற்று சுற்றி எடுங்கள். உதட்டில் சிக்கிய மண் வெளியே வந்து, கசிவு அதோடு நின்றுபோவதும் உண்டு. பிளேடு, ஸ்க்ரூடிரைவர் எதையும் அங்கே நுழைக்கக் கூடாது.

கேள்வி (தூத்துக்குடி): பல்சர் 150. ஆறு மாதத்தில் மூன்று தடவை சீல் மாற்றிவிட்டோம். ஒவ்வொரு தடவையும் பத்து, இருபது நாளில் மறுபடி ஒழுகுகிறது. கம்பெனி டப்பாவைப் பார்த்துத்தான் வாங்கினோம். இப்போது வருவதெல்லாம் டூப்ளிகேட்தானா?

பதில்: மூன்று தடவை சீல் வாங்கியவர், ஒரு தடவையாவது டியூபைப் பார்த்தீர்களா? கடிதத்தில் டியூபைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இது உங்கள் தவறு மட்டும் இல்லை, உங்கள் மெக்கானிக்கின் தவறும்தான். எனக்கு வரும் 'சீல் நிற்கவே மாட்டேன் என்கிறது' கடிதங்களில் பெரும்பாலானவை இதே கதை. ஒழுகினால் சீல், மறுபடி ஒழுகினால் மறுபடி சீல், அப்புறம் 'இந்தக் காலத்துச் சாமானே சரியில்லை' என்று ஒரு தீர்ப்பு.

சீல் என்பது ரப்பர் உதடு. அந்த உதட்டின் மேல் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை டியூப் ஏறி இறங்குகிறது. டியூபின் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவுக்குத் துருப்புள்ளி இருந்தால் போதும், ஒவ்வொரு இறக்கத்திலும் அது அரம் மாதிரி உதட்டைச் சீவும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், இராமேஸ்வரம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்று குரோமின் நுண்ணிய வெடிப்புகளில் இறங்கி, அடியில் இருக்கும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. மேலே பார்த்தால் ஒரு சின்னக் கரும்புள்ளிதான் தெரியும்.

செய்ய வேண்டியது இது. டியூபைத் துடைத்துவிட்டு விரல் நகத்தை மேலிருந்து கீழாகவும் சுற்றியும் ஓட்டுங்கள். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே மார்க்கரால் குறியுங்கள். எல்லாப் புள்ளியும் கெடுதல் இல்லை. சீல் உட்காரும் இடத்திலிருந்து மேலே 12, 13 சென்டிமீட்டர்தான் சாதாரண வண்டியில் ஃபோர்க் அமுங்கும் தூரம். அதற்கு மேலே, ஹெட்லைட் பக்கம் துரு இருந்தால் பார்வைக்கு அசிங்கம், சீலுக்கு ஒன்றும் இல்லை. சந்தேகமாக இருந்தால் டியூபில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டு ஊருக்குள் ஒரு சுற்று போய் வாருங்கள். டை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவரைதான் சீல் போய் வருகிறது.

அந்த எல்லைக்குள் ஒன்றிரண்டு புள்ளி மட்டும் இருந்தால், துருவைச் சுத்தமாக எடுத்து, எபாக்ஸிப் பசையை வைத்து நிரப்பி, காய்ந்த பிறகு 1000, அப்புறம் 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் டியூபைச் சுற்றிச் சுற்றி (மேலும் கீழுமாக இல்லை) தேய்த்து மட்டமாக்கலாம். ஒரு வருடம் ஓடினால் லாபம். கொத்தாகப் புள்ளி இருந்தாலோ, குரோம் உரிந்திருந்தாலோ டியூபை மாற்றுவதைத் தவிர வழியில்லை. உப்புத்தாளை வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். மிச்சமிருக்கும் குரோமையும் எடுத்துவிடுவார். கோயம்புத்தூர், அம்பத்தூர் பக்கம் ஹைட்ராலிக் ராடுகளுக்கு ஹார்டு குரோம் போடும் பட்டறைகள் உண்டு. பழைய குரோமைக் கடைந்தெடுத்து, புதிதாக ஏற்றி, அளவுக்குக் கிரைண்டிங் செய்து தருவார்கள். ஆர்எக்ஸ் 100, யெஸ்டி மாதிரி டியூப் கிடைக்காத வண்டிக்கு அது சரி. பல்சருக்குப் புது டியூப் வாங்குவதே மலிவு.

இன்னொன்று. வாட்டர் சர்வீசில் தண்ணீர் அடிக்கும் துப்பாக்கியை நேராக டஸ்ட் சீலின் மேல் பிடிக்கிறார்கள். மண்ணும் சோப்புத்தண்ணீரும் உதட்டைத் தாண்டி உள்ளே போகின்றன. வண்டியை விடும்போதே முன் ஃபோர்க்கில் அடிக்காதே என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் வீட்டில் வாளித் தண்ணீர், பழைய பனியன் போதும்.

கேள்வி (ஈரோடு): ஃபோர்க் காலின் அடியில் இருக்கும் அலன் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கழலவில்லை.

பதில்: மேல் மூடியையும் ஸ்பிரிங்கையும் முதலில் எடுத்துவிட்டீர்கள், சரியா? ஸ்பிரிங்கின் அழுத்தம்தான் உள்ளே அந்த போல்ட் மாட்டியிருக்கும் டேம்பர் ராடை (தண்டை)ச் சுற்றவிடாமல் பிடித்திருந்தது. ஸ்பிரிங்கை மறுபடி போட்டு, மூடியை முறுக்கி, ஃபோர்க்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருப்புங்கள். இம்பேக்ட் துப்பாக்கி கிடைத்தால் இரண்டே நொடி. எதுவும் இல்லையென்றால் துடைப்பக் கட்டையின் முனையைக் கூராகச் சீவி, டியூபுக்குள் விட்டு, டேம்பர் ராடின் தலையில் இறுக்கி ஒருவர் பிடிக்க, இன்னொருவர் போல்ட்டைக் கழற்றலாம். திரும்பப் போடும்போது காப்பர் வாஷர் புதிது. பழைய வாஷரைப் போட்டுவிட்டு 'புது சீலும் ஒழுகுகிறது' என்று எழுதாதீர்கள். அது அடியில் ஒழுகும் ஆயில்.

அப்புறம், மூடியை எடுக்கும்போது அதற்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். கடைசி இரண்டு மரையில் ஸ்பிரிங் மூடியை வீசி எறியும்.

கேள்வி (திருச்சி): சீலில் எந்தப் பக்கம் மேலே வரும்?

பதில்: சின்ன ஸ்பிரிங் வளையம் தெரியும் பக்கம் கீழே, ஆயிலைப் பார்த்து. நம்பர் அச்சிட்ட பக்கம் மேலே.

கேள்வி (மதுரை): சீலை அடித்து இறக்கத் தனி டூல் வேண்டுமா? ஸ்க்ரூடிரைவரால் சுற்றித் தட்டினால் இறங்காதா?

பதில்: இறங்கும், கோணலாக. முதலில் டியூபின் மேல் முனையில் ஒரு பாலிதீன் பையைச் சுற்றி, ஃபோர்க் ஆயில் தடவி, அதன் மேலாகச் சீலை நழுவ விடுங்கள். இல்லையென்றால் டியூபின் விளிம்பே உதட்டைக் கிழித்துவிடும். கீழே வந்ததும் புது சீலின் மேல் பழைய சீலை வைத்து, அளவுக்குப் பொருந்தும் பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, டியூபைச் சுற்றிப் பிடித்து அடியுங்கள். சீலைப் பிடித்து வைக்கும் கம்பி வளையமான சர்க்ளிப் உட்காரும் பள்ளம் முழுவதும் தெரிந்தால் சீல் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அரைகுறையாகத் தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை. பழைய சீலை நெம்பி எடுக்கும்போது சர்க்ளிப்பை முதலில் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். கிளிப்போடு சேர்த்து நெம்பி, பாட்டம் கேஸின் (சீல் உட்காரும் கீழ்க்காலின்) விளிம்பை உடைப்பவர்கள் உண்டு.

கேள்வி (சேலம்): இன்ஜினுக்கு வாங்கிய 20டபிள்யூ40 ஆயில் அரை லிட்டர் மீதி இருக்கிறது. ஃபோர்க்கில் ஊற்றலாமா? ஒரு காலுக்கு எவ்வளவு?

பதில்: மீதி இருக்கிறது என்பது ஒரு காரணமா? அது ஃபோர்க்குக்குக் கெட்டி. மலைப்பாதையில் விடியற்காலையில் ஃபோர்க் கட்டை மாதிரி நிற்கும். உங்கள் வண்டிக் கையேடு சொல்லும் ஃபோர்க் ஆயிலை வாங்குங்கள். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 1970, 80-களின் ஹோண்டா கையேடுகளே அதைச் சொன்னதுண்டு, அவசரத்துக்குக் குற்றமில்லை. ஒரு கம்பெனியின் 10 நம்பர் ஃபோர்க் ஆயில், இன்னொரு கம்பெனியின் 10 நம்பர் அளவுக்கே கெட்டியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டு காலுக்கும் ஒரே டப்பா.

அளவு, சின்ன வண்டிகளில் காலுக்கு 150 முதல் 200 மில்லி. சரியான எண் கையேட்டில் இருக்கும். மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்ச் கிடைக்கும், அதில் அளந்து ஊற்றுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள். ஆயிலுக்கு மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். அதற்கு இடம் குறைந்தால் பள்ளத்தில் விழும்போது அழுத்தம் ஏறிச் சீலைத் தள்ளிவிடும்.

கேள்வி (தாம்பரம்): ஆயில் டிஸ்க்கில் பட்டுவிட்டது. துடைத்துவிட்டேன். ஓட்டலாம் இல்லையா?

பதில்: கூடாது. டிஸ்க்கை பிரேக் கிளீனரால் கழுவுங்கள். பிரேக் பேட் ஆயிலைக் குடித்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். பேடை அடுப்பில் காட்டி எரித்தால் சரியாகிவிடும் என்று சொன்ன நண்பர் உங்களுக்கு முன்னால் ஓட்டிப் போகட்டும்.

கேள்வி (கோவை): கேடிஎம் 390 டியூக். இதே முறையில் வீட்டில் செய்யலாமா?

பதில்: முதல் தடவையாகக் கை வைப்பவர் என்றால் வேண்டாம். அது தலைகீழ் ஃபோர்க். 43 மில்லிமீட்டர் டியூப் கீழே இருக்கிறது, சீல் அதற்கு மேலே. ஒழுகினால் ஆயில் நேராக பிரேக்கை நோக்கித்தான் வழியும். ஆகவே தள்ளிப்போடவும் கூடாது. தெரிந்த கையிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் டியூபைத் தடவிப் பாருங்கள். அந்த டியூப் கல்லடி படும் உயரத்தில் இருக்கிறது.

கேள்வி (கும்பகோணம்): ஆக்டிவா 5ஜி-க்கு ஃபோர்க் சீல் என்ன அளவு?

பதில்: அந்த வண்டியில் நீங்கள் நினைக்கிற டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கே இல்லை, 6ஜி-யில்தான் வந்தது. உங்களுடையது கீழே இருக்கும் இரண்டு சின்ன ஷாக் அப்சார்பர். ஒழுகினால் ஜோடியாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): எல்லாம் சரியாக மாட்டினேன். ஆனால் ஃபோர்க் இறுக்கமாக இருக்கிறது, அமுக்கினால் திக்கித் திக்கி ஏறுகிறது.

பதில்: இரண்டு டியூபும் மேலே ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பிறகு ஆக்சில் நட்டையும், கீழ்க்காலில் ஆக்சிலைக் கவ்வும் போல்ட் இருந்தால் அதையும் தளர்த்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு முறை நன்றாக அமுக்கி விடுங்கள். கால்கள் தாமாக நேராகும். நட்டை முதலிலும், கவ்வும் போல்ட்டைக் கடைசியிலும் முறுக்குங்கள். அப்படியும் திக்கினால் டியூப் வளைந்திருக்கலாம். கழற்றி, கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டினால் தெரிந்துவிடும்.

கேள்வி (காரைக்குடி): கழித்த ஆயிலை என்ன செய்வது? தென்னைக்கு ஊற்றினால் வண்டு வராது என்கிறார்களே?

பதில்: தென்னைக்கு வேண்டாம், சாக்கடைக்கும் வேண்டாம். தெருமுனை மெக்கானிக்கிடம் கழிவு ஆயில் டிரம் இருக்கும். அதில் ஊற்றிவிட்டு வாருங்கள்.