ஸ்கோப்பை மாற்றாதீர்கள், முதலில் மவுண்டைப் பாருங்கள்

கேள்வி: 4.5 எம்எம் பிரேக் பேரல் (பேரலை மடக்கி லோடு செய்யும்) ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறேன். கூடவே வந்த இரும்பு சைட்டில் 25 மீட்டரில் நன்றாகவே விழுந்தது. 3-9x40 ஸ்கோப் வாங்கி மாட்டியதிலிருந்து பெல்லட் கீழேயே போகிறது. டரட்டை (ஸ்கோப்பில் உயரம் திருத்தும் குமிழ்) ‘அப்’ பக்கம் கடைசிவரை திருகியும் இன்னும் 3 செ.மீ. கீழே, அதுவும் ஒன்று இங்கே ஒன்று அங்கே. ஸ்கோப் மட்டம், விலை கூடினதை வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இரும்பு சைட்டில் சரியாக விழுந்தது என்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. பிரேக் பேரலில் முன்சைட், பின்சைட் இரண்டும் பெரும்பாலும் பேரலோடு சேர்ந்தே இருக்கும், அதனால் பேரல் எப்படிச் சாய்ந்திருந்தாலும் அவை அதோடு சேர்ந்து சாய்ந்துவிடும். ஸ்கோப்போ மவுண்ட் என்கிற ரிங் பிடிப்பான் வழியாகப் பின்னால் உள்ள ரெயிலில் உட்காருகிறது. பேரல் அந்த ரெயிலைவிட ஒரு மயிரிழை கீழே பார்த்தால் போதும், குண்டு கீழே போகும். இந்த வகைத் துப்பாக்கிகளில் இது சர்வ சாதாரணம்.

சிதறுவதற்கும் காரணம் அதுவேதான். டரட்டை மேல் எல்லைவரை திருகினால் ஸ்கோப்புக்குள் இருக்கும் உள்குழாயைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், ஸ்பிரிங் துப்பாக்கியோ முன்னும் பின்னுமாக உதைக்கும், குறுக்குக்கோடு ஒவ்வொரு சூட்டுக்கும் நகரும். இதற்கு எந்த ஸ்கோப்பைக் குறை சொல்ல?

சரி, சோதிப்பது எப்படி? ஸ்கோப்பைக் கழற்றி, அட்டைப்பெட்டியில் இரண்டு ‘வி’ வெட்டி அதில் வைத்து, தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே மெதுவாக உருட்டுங்கள். குறுக்குக்கோடு புள்ளியைச் சுற்றி வட்டமடித்தால் பாதி விலகலை டரட்டால் திருத்தி மறுபடி உருட்டுங்கள், வட்டம் அடங்கும்வரை. இப்போது ஸ்கோப் நடுவில் இருக்கிறது. திரும்ப மாட்டிச் சுட்டு, எவ்வளவு கீழே என்று அளந்துகொள்ளுங்கள்.

15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். டரட்டின் ஒரு கிளிக் பொதுவாகக் கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), அது 25 மீட்டரில் சுமார் 1.8 மி.மீ. தான் நகர்த்தும், எண்பது கிளிக்குக்கு மேல் வேண்டும். அதையே மவுண்டில் செய்தால்? இரண்டு ரிங்குக்கும் இடையே 100 மி.மீ. இருந்தால், பின் ரிங் 0.6 மி.மீ. உயர்ந்தால் போதும். பின் ரிங்கின் அடியில் கூல்டிரிங்க்ஸ் கேனை வெட்டி வைக்கும் பழைய வித்தை உண்டு, அந்தத் தகடு சுமார் 0.1 மி.மீ. ஒன்றிரண்டு அடுக்கு பரவாயில்லை, ஆறு அடுக்கு வைத்து முடுக்கினால் ஸ்கோப் குழாய்தான் நசுங்கும்.

உங்களுக்கு வேண்டியது பின்பக்கம் உயரமாகச் செய்த டிரூப் மவுண்ட், இல்லாவிட்டால் உயரம் திருத்தக்கூடிய அட்ஜஸ்டபிள் மவுண்ட். வாங்கும்முன் ரெயில் 11 மி.மீ. டவ்டெயிலா பிகாட்டின்னியா, குழாய் 1 அங்குலமா 30 மி.மீ.யா என்று பார்த்துவிடுங்கள், தப்பாக வாங்கினால் மாட்டவே மாட்டாது. மவுண்ட் பின்னுக்கு நழுவாமலிருக்க ஸ்டாப் பின் (ரெயிலில் பிடித்துக்கொள்ளும் சிறு ஊசி) உள்ளதாக இருக்கட்டும். உயரமான முனை பின்னால்தான் வர வேண்டும். மாற்றி மாட்டினால் குண்டு இன்னும் கீழே போகும். அப்புறம், ஸ்கோப் ஏர்கன்னுக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருக்கிறதா? பெரிய ரைஃபிளின் உதையைத் தாங்கும் ஸ்கோப்கூட இந்த இருபக்க உதையில் போய்விடும். அப்படிப் போட்டிருந்தும், நடுவில் வைத்த பிறகும் சிதறினால், மவுண்ட் திருகுகளையும் பேரல் கீலையும் ஒருமுறை முடுக்கிப் பார்த்துவிட்டு, பில்லோடு கடைக்குப் போங்கள். மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: இரும்பு சைட்டில் குண்டு கீழே விழுந்தால் எதைத் திருப்புவது?

பதில்: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்சைட்டை நகர்த்துங்கள், அதாவது மேலே. முன்சைட் இதற்கு நேர் எதிர்: அதைத் தாழ்த்தினால்தான் குண்டு ஏறும். ஒரே குண்டை நம்பித் திருகாதீர்கள், ஐந்தாறு சுட்டு அவற்றின் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள்.