பச்சை ஊலாங்கில் விலை கூடிய தரம் வாங்கினால் சுவையில் வித்தியாசம் தெரியுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: ஒரே கடையில் அன்சி தியே குவான்யின் இரண்டு தரத்தில் வாங்கியிருக்கிறீர்கள். (பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் நடுவே, ஓரளவே நொதிக்கவிட்டதுதான் ஊலாங். தியே குவான்யின் சீனாவின் அன்சி ஊரில் விளையும் ஊலாங்.) ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு விலை. இரண்டையும் போட்டுக் குடித்தபோது விலை குறைந்ததுதான் அதிகம் மணந்தது. ஏமாந்துவிட்டேனா என்று கேட்கிறீர்கள்.

ஏமாந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கோப்பையோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். தேங்காய்ப் பாலில் முதல் பால்தான் ராஜா, அடுத்ததெல்லாம் குழம்புக்கு. இந்த வகை ஊலாங்கில் கணக்கு தலைகீழ். ஒரே இலையில் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றிக் குடிப்பது இது. முதல் தண்ணீரில் உருண்டை இலை பாதிதான் விரியும். இறுக்கமாகச் சுருட்டிய நல்ல இலை அப்போதுதான் வாயையே திறக்கும். தளர்வாகச் சுருட்டியதும் உடைசல் கலந்ததும் இருக்கிற மணத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். மூன்றாம், நான்காம் தண்ணீரில்தான் தரம் பேசும்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே பாக் குட் தே (பன்றி விலா எலும்பு சூப்) கடைகளில் பெரியவர்கள் குடிக்கும் தியே குவான்யின் நன்றாக வறுத்தது, சாறு பழுப்பாக இருக்கும். நீங்கள் வாங்கியிருப்பது பச்சையாக, மெல்லிய மணத்தோடு இருக்கும் புது பாணி. ஃபூஜியான் மாகாணத்து அன்சியில் 1990களுக்குப் பிறகு, தைவான் முறையின் தாக்கத்தில் பரவியது. இலையை வெயிலில் வாட்டி, மூங்கில் உருளையில் போட்டுக் குலுக்கி, குளிரூட்டிய அறையில் ராத்திரி முழுக்கப் பரப்பி வைப்பார்கள். மறுநாள் சூட்டில் வாட்டி நொதிப்பை நிறுத்துவார்கள். பிறகு துணியில் மூட்டையாகக் கட்டி, உருட்டிப் பிசைந்து, பிரித்து, மறுபடியும் கட்டி... இது பலமுறை நடக்கும். குலுக்கும்போது சிவந்துபோன இலை ஓரங்களைத் தட்டி உதிர்த்துவிடுவதும் உண்டு. சாறு தெளிவாக, இளம்பச்சையாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தரம் எங்கே பிரிகிறது? முதலில் பருவம். வசந்தத் தேயிலைக்குச் சாறு, இலையுதிர்காலத் தேயிலைக்கு மணம் என்று அந்த ஊரில் ஒரு சொலவடை உண்டு. கோடையில் பறித்த இலையில் கசப்பும் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும், அதுதான் மலிவுப் பொட்டலங்களுக்குள் போகும். அடுத்தது வானிலை. வெயில் அடித்து, வறண்ட வடகாற்று வீசும் அக்டோபர் நாளில் நண்பகலையொட்டிப் பறித்த இலையும், மழை நாளில் பறித்த இலையும் ஒரே தோட்டமாக இருந்தாலும் ஒன்றாகாது. மூன்றாவது கைவேலை. சுருட்டிய உருண்டைகளிலிருந்து காம்புகளை ஆட்கள் உட்கார்ந்து கையால் கிள்ளி எடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த கூடுதல் காசில் ஒரு பங்கு அந்தக் கூலிக்குப் போகிறது.

நம்மில் பலரும் தவறவிடுவது இன்னொன்று. கொழுந்து அதிகம் இருந்தால் உயர்தரம் என்பது பச்சைத் தேயிலைக்கான கணக்கு. ஊலாங்குக்கு மொட்டு விரிந்து முடிந்த, ஓரளவு முற்றிய இலைதான் வேண்டும். அதனால் இலை பெரிதாக இருக்கிறதே என்று குறை காணாதீர்கள்.

இப்போது ஒப்பிடும் முறை. சீனாவில் ஊலாங்கை மதிப்பிடுபவர்கள் 110 மில்லி பிடிக்கும் மூடிபோட்ட கிண்ணத்தில் 5 கிராம் இலை போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, முதல் தடவை 2 நிமிடம், அடுத்து 3, அதற்கடுத்து 5 நிமிடம் ஊறவிடுவார்கள். குடித்து ரசிப்பதற்கான முறையல்ல இது, குற்றம் கண்டுபிடிக்கிற முறை. வீட்டில் அதையே செய்யுங்கள். இரண்டு கிண்ணமும் ஒரே அளவாக இருக்கட்டும், சின்னத் தராசு ஒன்று இருந்தால் நல்லது. தண்ணீர் முக்கியம்: போர் தண்ணீரில் செய்தால் இரண்டும் ஒரே மாதிரி மந்தமாகத்தான் இருக்கும். வெறும் வயிற்றில் வேண்டாம், புரட்டும்.

மூடியை முகர்ந்து பாருங்கள், கிண்ணத்தை அல்ல. முதல் தண்ணீரில் மணம் எவ்வளவு தூக்கல், புகையோ ஈர வாடையோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவதில் அது என்ன மணம் என்று யோசியுங்கள். மூன்றாவதில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். நான் உங்களைப் போலவே ஒரே கடையின் இலையுதிர்கால இலையில் இரண்டு தரத்தை எதிரெதிரே வைத்துக் குடித்தேன். மலிவானது முதலில் மல்லிகையும் வெண்ணெயுமாக ஆளைத் தூக்கியது. இரண்டாவதில் சமம். மூன்றாவதில் அதன் சாறு கீரை வெந்த தண்ணீர் மாதிரி ஆகி, நாக்கின் இருபுறமும் வறண்டு இழுத்தது. உயர்தரம் அந்த இடத்தில்தான் கொழகொழவென்று கனத்தது. விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு தித்திப்பு ஏறி, கொஞ்ச நேரம் அங்கேயே தங்கியது. பொட்டலத்தில் ஆர்க்கிட் மணம் என்று போட்டிருக்கும். எனக்கு அது பச்சைப் பூங்காம்பை ஒடித்தால் வருகிற வாசனையாகத் தெரிந்தது, இனிப்பு மணம் என்று சொல்ல மாட்டேன்.

உயர்தரத்தில் லேசான புளிப்பு தட்டினால் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடாதீர்கள். சூட்டில் வாட்டுவதை வேண்டுமென்றே தள்ளிப்போட்டு அந்தப் புளிப்பை வரவழைக்கிற பாணி ஒன்று இருக்கிறது. அதை விரும்பிக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம்.

கடைசியாக, ஊறிய இலைகளை வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுப் பரப்புங்கள். எனக்கு நாக்கைவிட இந்தத் தட்டின்மேல் நம்பிக்கை அதிகம். நல்ல தியே குவான்யின் இலை தடிப்பாக, பளபளப்பாக, முட்டை வடிவத்தில் இருக்கும். நுனி சற்றே ஒருபக்கம் சாய்ந்திருக்கும். அன்சியில் பென்ஷான், மாவோசியே, ஹுவாங் ஜின் குவெய் என்று வேறு பெயர்பெற்ற ரகங்களும் விளைகின்றன. அவற்றிலிருந்தும் இதே மாதிரி உருண்டை செய்யலாம், விலையும் குறைவு. தட்டில் மெல்லிய இலை, தடித்த இலை, கூரான பல்விளிம்பு இலை என்று பல ஜாதி கிடந்தால் கலப்பு என்று சந்தேகப்படலாம். கலப்பு ருசியில்லாதது என்று சொல்லவில்லை, ஆனால் தியே குவான்யின் விலையை அதற்கு ஏன் கொடுக்க வேண்டும்?

ஒரு எச்சரிக்கை: இந்த அளவுகோலைத் தைவான் இலைக்குப் பொருத்தாதீர்கள். 1000 மீட்டருக்கு மேல் விளையும் அலிஷான் போன்ற மலை ஊலாங்கில் காம்போடு சேர்த்தே சுருட்டுவார்கள். அங்கே காம்பு குறையில்லை. மணத்தில் அன்சி இலையைவிட அடக்கமாகவும், வாயில் வழுவழுப்பாகவும் இருக்கும். ‘பால் ஊலாங்’ என்று விற்பதில் மட்டும் கவனம். ஜின் சுவான் என்ற தைவான் ரகத்துக்கு இயல்பாகவே மெல்லிய பால் வாடை உண்டு. பொட்டலத்தைத் திறந்ததும் பால்கோவா மாதிரி அடித்தால் அது எசன்ஸ்.

வாங்கலாமா என்றால், எப்படிக் குடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அலுவலகத்தில் ஃபிளாஸ்கில் இலையைப் போட்டு மதியம்வரை குடிப்பவருக்கு உயர்தரம் வீண். சின்னக் கிண்ணத்தில் 7 கிராம் போட்டு, அரை நிமிடத்துக்குள் வடித்து வடித்து ஆறேழு தண்ணீர் எடுப்பவருக்கு, மூன்றோடு செத்துப்போகிற இலையைவிட விலை கூடியது அப்படியொன்றும் அதிகச் செலவில்லை. ஆனால் சிறப்புத் தரம் என்று தங்க எழுத்துப் போட்ட உச்ச விலைப் பெட்டிக்குப் போகவேண்டாம். அங்கே பெட்டிக்கும் பரிசுக்கும்தான் காசு. அதற்கு ஒரு படி கீழே இருப்பதே போதும்.

எதை வாங்கினாலும் 7 கிராம் வெற்றிடப் பாக்கெட்டுகளாக வாங்கி, ஃபிரிட்ஜில் காற்றுப்புகாத டப்பாவுக்குள் வையுங்கள், மீன் பக்கத்தில் வேண்டாம். இந்தப் பச்சை பாணிக்கு ஆயுசு குறைவு. நம் ஊர் வெக்கையில் திறந்து வைத்தால் சில வாரத்தில் மணம் போய், மூன்று மடங்கு விலை கொடுத்ததும் மற்றதும் ஒன்றாகிவிடும்.