சந்திச்சோம், குரூப் ரெண்டாயிடுச்சு!

கேள்வி: அக்கா, சிங்கப்பூர்ல வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசல்லயும் ஜன்னலோரமும் செடி வளர்க்கறவங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். போன மாசம் முதல் தடவையா தேக்காவுல (லிட்டில் இந்தியா) சந்திச்சோம், செம ஜாலி. ஆனா வந்தவங்க தனி குரூப் ஆரம்பிச்சுட்டாங்க, பழைய குரூப் டல்லாயிடுச்சு, வராத ரெண்டு பேர் சொல்லாம கொள்ளாம வெளியேறிட்டாங்க. இனிமே சந்திப்பே வேணாம்னு விட்டுடவா?
- வாசகர், ஈசூன்

பதில்: விடவே வேணாம் தம்பி. லாரன் செஷன்ஸ்ங்கறவங்க ஒரு இணையக் குழுவை வெச்சு 2010ல வெளியிட்ட ஆய்வுலயே இது இருக்கு, நேர்ல சந்திச்சவங்க அப்புறம் ஆன்லைன்ல அதிகமா கலந்துக்கறாங்க, எழுதறதும் நல்லா இருக்கு, ஆனா அந்த நெருக்கம் வந்தவங்களுக்குள்ளயே தங்கிடுது, வராதவங்களோட ஒட்டு தளர்ந்துடுது.

கோளாறு தேக்காவுல இல்ல, மறுநாள் காலைல வந்த மெசேஜ்ல. "அண்ணே அந்த மீன் தலைக்கறி மேட்டர்"னு ஒருத்தர் போட, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்க, நைட் ஷிப்ட் முடிச்சு எம்ஆர்டி ரயில்ல தூங்கி வழிஞ்சுகிட்டே படிக்கற நர்ஸ் தங்கச்சிக்கு என்ன புரியும்? முன்னாடி அவங்க கறிவேப்பிலைல மாவுப்பூச்சின்னு போட்டோ போட்டா வேப்பெண்ணெய் எவ்ளோ கலக்கணும்னு உடனே நாலு பேர் சொல்வாங்க, இப்ப அதே போட்டோ கேட்பாரில்லாம கெடக்கும், ஏன்னா சொல்றவங்க எல்லாம் அந்தப் பக்கம் போயிட்டாங்க. யாரையும் தப்பு சொல்ல முடியாது, பாத்துப் பழகின முகத்துக்குத்தான் கை முதல்ல பதில் டைப் பண்ணும்.

தனி குரூப்பைக் கலைக்கச் சொல்லாதீங்க, ரோஷம்தான் வரும். அரட்டை அங்கயே இருக்கட்டும், செடி சந்தேகம் மட்டும் பழைய குரூப்லதான்னு அனுபவசாலிங்க நாலு பேர்கிட்ட தனியா கேட்டுக்கோங்க. நேர்ல பேசினதையும் எழுதிப் போடுங்க, தாழ்வாரத்துல 1.2 மீட்டர் வழி விடணும், தொட்டித் தட்டுல தண்ணி தேங்கி கொசு வளர்ந்தா அபராதம் 200 வெள்ளியிலேர்ந்து (சிங்கப்பூர் டாலர்) ஆரம்பிக்கும், இதெல்லாம் வராதவங்களுக்கும் வேணும்ல.

அப்புறம் எப்பவும் ஞாயித்துக்கிழமை தேக்காதானா? ஒரு தடவை வார நாள் காலைல உட்லண்ட்ஸ் பக்கம் காப்பிக்கடைல வைங்க, ஷிப்ட்காரங்க வருவாங்க. கூட்டம்னாலே கூச்சப்படறவங்களை (நானும் அந்த ஜாதிதான்) ஏன் வரலன்னு குடையாதீங்க, எம்ஆர்டி கேட் பக்கத்துல ரெண்டு நிமிஷம் நின்னு ஒரு கன்னு கை மாத்தினாலே அவங்களுக்குப் போதும்.

வெளியேறின ரெண்டு பேருக்கும் மொட்டையா லிங்க் மட்டும் அனுப்பாம முதல்ல ஒரு போன் போடுங்க, எடுக்கலன்னா விட்டுடுங்க.