குடும்பப் படங்கள் பத்திரமாக இருக்கின்றனவா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போட்டோ சேமிப்பு, பேக்கப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். தாமதித்தால் கைநழுவிப் போகக்கூடிய ஒன்று இருக்கிறது. அதற்கு முதலில் பதில்.

கேமராவின் மெமரி கார்டைத் தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டேன். மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன. மீட்க முடியுமா?

நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இனி அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். உடனே கழற்றிவிடுங்கள். எஸ்டி கார்டு என்றால் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டையும் தள்ளி வையுங்கள். கேமரா வழக்கமாகச் செய்யும் ஃபார்மேட், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான் அழிக்கிறது. மேலே புதிதாக எதுவும் எழுதப்படாதவரை படங்கள் அங்கேயேதான் கிடக்கும்.

கார்டு ரீடர் வழியாகக் கணினியில் இணைத்து, ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். அது கார்டைப் படிக்க மட்டுமே செய்யும். மீண்டு வரும் படங்களைக் கணினியில் சேமியுங்கள், தப்பித் தவறியும் அதே கார்டில் வேண்டாம். ஃபைல் பெயர்கள் பழையபடி வராது. ஆனால் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும், அதை வைத்து அடுக்கிக்கொள்ளலாம். போனின் உள்சேமிப்பில் அழிந்த படங்களுக்கு இந்த வழி பெரும்பாலும் பலிக்காது; அங்கே எல்லாம் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் ஆகியிருக்கும். போனில் தேட வேண்டிய முதல் இடம் போட்டோ ஆப்பில் உள்ள குப்பைத்தொட்டி.

போனில் எடுக்கும் படங்கள் தானாகவே கூகுள் போட்டோஸுக்குப் போய்விடுகின்றன. அப்படியானால் பேக்கப் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்? போனில் இடமில்லை, அங்கிருப்பவற்றை அழித்துவிடலாமா?

போன் தொலைந்தாலோ தண்ணீரில் விழுந்தாலோ அது காப்பாற்றும். அந்த அளவுக்குப் பேக்கப்தான். ஆனால் கூகுள் போட்டோஸ் ஆப்புக்குள் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், கிளவுடிலும் (கூகுளின் இணையச் சேமிப்பு) போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அதோடு சரி. ஆப்பிளின் ஐகிளவுடிலும் இதே கதைதான், அங்கே 30 நாள். குழந்தை கையில் போன் இருக்கும்போது நூறு படம் அழிந்து, யாரும் மூன்று மாதம் கவனிக்காமல் இருந்தால் மீட்க வழியே இருக்காது.

போனில் இடம் வேண்டுமென்றால், பேக்கப் ஆனவற்றைப் போனிலிருந்து மட்டும் நீக்குவதற்கென்றே ஆப்பில் ஒரு வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதைச் செய்த பிறகு உங்கள் படங்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. அதனால் முதலில் கணினிக்கோ ஹார்டு டிஸ்குக்கோ இன்னொரு காப்பி எடுத்துவிடுங்கள்.

பிரதிகளை எப்படி எண்ணுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரே விபத்தில் அழியக்கூடிய பிரதிகள் எத்தனை இருந்தாலும் அவை ஒன்றுதான். ஒன்றையொன்று பார்த்து மாறிக்கொள்ளும் போனும் கிளவுடும் ஒன்று. ஒரே மேசையில் இருக்கும் லேப்டாப்பும் ஹார்டு டிஸ்கும், தீ விபத்தைப் பொறுத்தவரை ஒன்று. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதி சொல்வதும் இதைத்தான்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில். கிளவுடில் ஒன்று, கணினியில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஒன்று என்று வைத்தாலே ஒரு குடும்பத்துக்கு இது நிறைவேறிவிடும்.

அப்புறம், உங்கள் பேக்கப் உண்மையிலேயே நடக்கிறதா என்று பாருங்கள். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பியதும் பேக்கப் நின்றுவிடும். நினைவூட்டல் வரும், நாமும் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்போம். கணினியில் உங்கள் கணக்கைத் திறந்து, நேற்று எடுத்த படம் இருக்கிறதா என்று பாருங்கள். படத்தரம் ‘அசல்’ என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இடம் சேமிக்கும் தேர்வில் படங்கள் சுருக்கப்படும், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவை அந்த அளவுக்குச் சிறிதாக்கப்படும்.

ஐபோன்காரர்களுக்கு ஒன்று: சேமிப்பிடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு போட்டிருந்தால் பல படங்களின் அசல் ஐகிளவுடில்தான் இருக்கும். கேபிள் போட்டு எடுத்துவிட்டோம் என்று நினைப்பீர்கள், எல்லா அசலும் வந்திருக்காது. எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எட்டு வருடப் படங்களும் ஒரே எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆட்டாமல் அசைக்காமல் இருந்தால் கெடாதுதானே?

கெடும். சுழலும் தட்டும் நகரும் முனையும் கொண்ட இயந்திரம் அது. சும்மா கிடந்தாலும் வயதாகும், ஒரு நாள் சுழல மறுக்கும். இன்றைக்கே புதிதாக ஒரு டிஸ்குக்கு முழுவதையும் காப்பி செய்யுங்கள். ஒழுங்குபடுத்திவிட்டு, இரட்டைப் படங்களை நீக்கிவிட்டு எடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் அப்படியே காப்பி, அடுக்குவதெல்லாம் பிறகு. இணைத்ததும் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் உடனே கழற்றிவிடுங்கள். திரும்பத் திரும்ப முயன்றால் சேதம் கூடும். தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுக்க வேண்டிய நிலை அது.

காப்பி ஆன பிறகு கட்டாயம் திறந்து பாருங்கள். ஃபோல்டரில் குட்டிப் படங்கள் வரிசையாகத் தெரிவதை நம்பாதீர்கள். கேமரா எடுக்கும் ஜேபெக் ஃபைலுக்குள் ஒரு சிறு முன்னோட்டப் படம் தனியாக இருக்கும். ஃபோல்டரில் தெரிவது பல சமயம் அதுதான். முழுப் படத்தைத் திறந்தால், மேல் பாதியில் முகங்கள் இருக்கும், நடுவிலிருந்து கீழே வெறும் சாம்பல் நிறம். ஃபைலின் பிற்பகுதி கெட்டுப்போனதன் அடையாளம் அது. அதனால் ஒவ்வொரு வருட ஃபோல்டரிலும் சில படங்களை முழு அளவில் திறந்து பாருங்கள். வீடியோக்களைக் கடைசி நிமிடம்வரை ஓட்டிப் பாருங்கள். மார்ச் 31-ஐ உலக பேக்கப் தினம் என்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை இந்தச் சோதனையைச் செய்ய ஒரு தேதி வேண்டுமென்றால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

காப்பி எடுத்ததும் டிஸ்கைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் இணைந்திருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். பழைய டிஸ்கைத் தூக்கிப் போட வேண்டாம். ஓடும்வரை அதுவும் ஒரு பிரதி; உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். வெளியே கொடுப்பதை என்கிரிப்ட் செய்வது நல்லது. கடவுச்சொல்லையும், அதை மறந்தால் உதவும் மீட்புச் சாவியையும் தாளில் எழுதி வேறொரு இடத்தில் வைக்க வேண்டும். அது தொலைந்தால் படங்களை யாராலும் திறக்க முடியாது.

பென் டிரைவில் போட்டு வைத்தால் போதாதா? எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்)?

படங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கப் பென் டிரைவ் சரி, வருடக்கணக்கில் வைக்க வேண்டாம். எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு மூன்றுமே மின்னூட்டத்தைத் தேக்கித் தரவைக் காப்பவை. பல வருடம் மின்சாரம் தொடாமல் கிடந்தால் அது கசிந்துவிடலாம். அன்றாடம் பயன்படுத்தும் கணினிக்கு எஸ்எஸ்டி அருமையானது. பெட்டியில் போட்டு மறந்துவிட ஏற்றதல்ல.

அக்கா திருமணப் படங்கள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வந்தவைதான். அவற்றைச் சேமித்தால் போதுமா?

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது சுருங்குகிறது. எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்களும் நீங்கிவிடுகின்றன. எச்டி என்று தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் அசல் வராது. போன் திரையில் வித்தியாசம் தெரியாது, பெரிதாக அச்சடிக்கும்போது தெரியும். யார் எடுத்தாரோ அவரிடமே, அவர் போனில் அசல் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் ஃபைல் அப்படியே வரும். நிறைய இருந்தால் பகிர்ந்த கிளவுட் ஃபோல்டர் வசதி. ஸ்டூடியோவில் எடுத்தவை என்றால் இப்போதே கேளுங்கள். அவர்களும் காலம் முழுக்க வைத்திருக்க மாட்டார்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் வாட்ஸ்அப் பிரதியும் பொக்கிஷம்தான், அதை மூன்று இடத்தில் வையுங்கள்.

போனில் எச்இஐசி (HEIC) என்ற ஃபைல் வகையில் வரும் படங்களை ஜேபெக்காக மாற்றிவிடட்டுமா?

வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் கொஞ்சம் குறையும். அசலை அப்படியே வைத்துக்கொண்டு, யாருக்காவது கொடுக்கும்போது மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

பாட்டியின் பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்யப் போகிறேன். எந்த அளவில் செய்ய வேண்டும்?

அச்சுப் படங்களுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். 4×6 அங்குலப் படம் 2400×3600 பிக்சலாக வரும். இரண்டு மடங்கு பெரிதாக அச்சடித்தாலும் தெளிவாக இருக்கும். நெகட்டிவ் கிடைத்தால் விடாதீர்கள், அதில் அச்சைவிடக் கூடுதல் விவரம் இருக்கும். அதற்கு 2400 டிபிஐ அல்லது மேலே வையுங்கள். பசைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் பின்னால் விட்டு மெல்ல நகர்த்திப் பாருங்கள். வரவில்லையா, பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள்.

படத்தின் பின்பக்க எழுத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகக் காட்டி, இது யார், என்ன உறவு, எந்த வருடம் என்று கேளுங்கள். பேச்சைப் போனில் பதிவு செய்துகொண்டு, பிறகு படத்தின் விவரப் பகுதியிலோ ஃபைல் பெயரிலோ எழுதுங்கள். ஸ்கேனரைப் பிறகு வாங்கலாம், இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ஃபைல் பெயரை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள், தானாகக் கால வரிசையில் நிற்கும்.

அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவர் போனில் படங்கள் நிறைய இருக்கின்றன. திறக்கும் எண் யாருக்கும் தெரியாது. என்ன செய்யலாம்?

வருந்துகிறேன். இரண்டு காரியங்களைச் செய்யாமல் இருங்கள்: போனை ரீசெட் செய்யாதீர்கள், அவர் சிம்மை ரத்து செய்யாதீர்கள். கணக்குகள் தொடர்பான சரிபார்ப்புக் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வரும். திறக்கும் எண்ணை ஊகித்து அடித்துக்கொண்டும் இருக்காதீர்கள், தவறு கூடினால் போன் பூட்டிக்கொள்ளும். அவர் பயன்படுத்திய கணினியில் அவருடைய கணக்கு இன்னும் திறந்த நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படங்கள் கிளவுடில் இருந்தால் அங்கேயே கிடைக்கலாம். இல்லையென்றால் கூகுளும் ஆப்பிளும் மறைந்தவர் கணக்கு தொடர்பான விண்ணப்பங்களை ஏற்கின்றன. இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். கடவுச்சொல்லைத் தர மாட்டார்கள், ஆனால் தகுந்த சான்றுகள் இருந்தால் தரவு கிடைக்க வாய்ப்பு உண்டு. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம், அதனால் ஆறப்போட வேண்டாம்.

மற்றவர்கள் இதை இப்போதே ஏற்பாடு செய்து வைக்கலாம். கூகுள் கணக்கில் ‘செயல்படாத கணக்கு மேலாளர்’ பகுதியில், நீங்கள் இத்தனை மாதம் வராவிட்டால் யாருக்குத் தரவு போக வேண்டும் என்று குறிப்பிடலாம். ஐபோனில் ‘லெகசி கான்டாக்ட்’ என்று ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு ஓர் அணுகல் சாவி கிடைக்கும். இறப்புச் சான்றிதழோடு அதைக் கொடுத்தால் உங்கள் ஐகிளவுட் படங்கள் அவருக்குத் திறக்கும். அந்தச் சாவியை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேக்கப் டிஸ்க் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.