சுவிட்சர்லாந்து ஃபீஸுக்காக இன்னொரு முறை நகையை மாற்றி வைக்கலாமா?

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. கணவர் சிறிய அச்சகம் நடத்துகிறார். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் ஒரு லட்சம் ரூபாய் வரும். 2024 செப்டம்பரில் எங்கள் ஒரே மகனை சுவிட்சர்லாந்தில் ஒரு தனியார் பிசினஸ் ஸ்கூலில் மூன்று வருடப் பட்டப்படிப்பில் சேர்த்தோம். வீட்டுப் பத்திரத்தை வைத்து 25 லட்சம் கல்விக் கடன், சேமிப்பு 10 லட்சம், மீதிக்கு என்னுடைய 30 பவுன் நகை. முதலில் நகைக்கு 10 லட்சம் வாங்கினோம். விலை ஏற ஏற அதே நகைக்கு மேல் தொகை வாங்கி, கடன் இப்போது 17.5 லட்சத்தில் நிற்கிறது. பிப்ரவரி செமஸ்டருக்கு ஃபீஸ் மட்டும் 7,000 பிராங்க் கட்ட வேண்டும். "பவுன் ஒரு லட்சம் ஆகிவிட்டது, இன்னும் ஐந்து லட்சம் தருவார்கள், தங்கம் ஏறும்போது நமக்கு நஷ்டமில்லை" என்கிறார் கணவர். அவருடைய அண்ணன் மூலம் வந்த ஏஜென்ட், அடமானமே இல்லாமல் டாலர் கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அவர் சொன்ன பகுதி நேர வேலை மகனுக்கு இதுவரை கிடைக்கவில்லை. கடை மூடும் நேரத்தில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டும் ரொட்டிக்காகக் காத்திருந்து வாங்குகிறான். பாதியில் நிறுத்தினால் குடும்ப மானம் போய்விடும் என்கிறார் மைத்துனர். என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள், அம்மா. டாலர் கடனும் வேண்டாம், நகையின் மேல் இன்னொரு ரூபாயும் வேண்டாம்.

கல்விக் கடனைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. படிப்பு முடிந்த பிறகுதான் தவணை தொடங்கும், அதுவரை வட்டி சேர்ந்துகொண்டிருக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டை அரித்துக்கொண்டிருப்பது வேறொன்று. ஒவ்வொரு செமஸ்டரும் நகையை மாற்றி வைத்து மேல் தொகை வாங்குகிறீர்களே, அந்தப் பழக்கம்.

நீங்கள் அனுப்பிய மூன்று அடகு ரசீதுகளையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். வட்டி 11 சதவீதம். 2024 செப்டம்பரில் 10 லட்சம். 2025 மார்ச்சில் அது 13.5 லட்சம் ஆனது. செப்டம்பரில் 17.5 லட்சம். கடைசியாக நான்கு லட்சம் கூட்டி வாங்கினீர்கள் அல்லவா? அதில் ஏறத்தாழ 75,000 ரூபாய் முந்தைய ஆறு மாத வட்டிக்கே போய்விட்டது. அதற்கு முந்தைய முறை 55,000. ஆக, வாங்கிய கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். கையிலிருந்து பணம் போகாததால் வலி தெரியவில்லை. மூன்று ரசீதிலும் நகை விவரம் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், மூன்றும் தனித்தனிக் கணக்குகளாக: கல் அட்டிகை 1, வளையல் 8, இரட்டை வடச் சங்கிலி 1. மாறியிருப்பது தொகை மட்டும்.

தங்கம் ஏறும்போது நஷ்டமில்லை என்று உங்கள் கணவர் சொல்வது, நகை பீரோவில் இருந்தால் சரி. விலை ஏறிய மிச்சத்தை அவ்வப்போது கடனாக எடுத்துச் செலவழித்துவிட்டால், அந்த ஏற்றம் உங்களுடையதே அல்ல. இறங்கினால் மட்டும் உங்களுடையது. பவுன் ஒரு லட்சம் என்ற கணக்கில் 30 பவுன் 30 லட்சம். இந்த அளவுக் கடனுக்கு நகை மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. உங்கள் கணவர் சொல்லும் ஐந்து லட்சத்தையும் எடுத்தால் கடன் 22.5 லட்சம், வருட முடிவில் வட்டியோடு 25 லட்சம் கேட்பார்கள். பவுன் 85,000-க்கு இறங்கினால் நகையின் மதிப்பு 25.5 லட்சம்தான். 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் இரண்டே வர்த்தக நாளில் தங்கம் பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அப்படி ஒரு வாரம் வந்தால் உங்களுக்கு ஏல நோட்டீஸ் வரலாம்.

இப்போது படிப்புக் கணக்கு. செமஸ்டருக்கு ஃபீஸ் 7,000 பிராங்க். அறை, சாப்பாடு, கட்டாய மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து மகன் மாதம் 1,500 பிராங்கில் ஓட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்டில் அது மிகவும் குறைவு. சூரிச்சில் படிக்க விசா கேட்டால் வருடத்துக்கு 21,000 பிராங்க் கணக்கில் காட்டச் சொல்கிறார்கள். ஆகவே, செலவைக் குறைக்கச் சொல்லி பையனை நெருக்காதீர்கள். ரொட்டிக்குக் காத்திருக்கும் பிள்ளையிடம் குறைக்க எதுவும் மிச்சமில்லை.

ஆறு மாதத்துக்கு 16,000 பிராங்க். நீங்கள் சேர்த்தபோது ஒரு பிராங்க் 100 ரூபாயை ஒட்டி இருந்தது. இப்போது 110-ஐத் தாண்டிவிட்டது. 110 என்றே வைத்தாலும் ஒரு செமஸ்டருக்கு 17.6 லட்சம். மிச்சமிருப்பவை மூன்று செமஸ்டர்கள். சுமார் 53 லட்சம். நகையில் எடுக்க நினைக்கும் ஐந்து லட்சம், அடுத்த மாத ஃபீஸுக்கே போதாது. இந்தக் கணக்கை உங்கள் கணவரும் நீங்களும் ஒரே காகிதத்தில் ஒரு தடவை எழுதிப் பாருங்கள். அடுத்த தவணை, அடுத்த தவணை என்று துண்டு துண்டாகப் பார்த்ததால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்.

பகுதி நேர வேலை ஏன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனின் சோம்பல் அல்ல காரணம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர், படிப்பு தொடங்கி ஆறு மாதம் கழித்துத்தான் வேலை செய்யலாம். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 15 மணி நேரம்தான். அதுவும் பல்கலைக்கழகத்திலோ அதற்கு இணையான உயர்கல்வி நிறுவனத்திலோ படிப்பவருக்கான ஏற்பாடு. படிப்பு முடிந்து வேலை தேட ஆறு மாதம் தருவார்கள் என்பதும் சுவிஸ் உயர்கல்விப் பட்டம் வாங்கியவருக்குத்தான். 2015 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் பல்கலைக்கழகம் என்ற பெயரையே வைத்துக்கொள்ள முடியும். அந்த நிறுவனங்களின் பட்டியலை சுவிஸ்யூனிவர்சிட்டீஸ் அமைப்பு பொதுவில் வைத்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய பிராஸ்பெக்டஸில் இருக்கும் பெயரை அதில் இரண்டு முறை தேடினேன். இல்லை. பிராஸ்பெக்டஸிலும் "ஸ்கூல்", "இன்ஸ்டிட்யூட்" என்ற சொற்கள்தான் இருக்கின்றன. இதைச் சேர்க்கும் முன்பே ஏஜென்ட் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

அங்கீகாரம் பெற்ற பட்டத்தோடு வந்தாலும் அங்கே வழி குறுகல்தான். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள அத்தனை நாடுகளுக்கும் சேர்த்து சுவிட்சர்லாந்து ஒதுக்கும் வேலை அனுமதி 2026-க்கு 8,500. பொதுவாக முதலில் உள்ளூர்க்காரரும் ஐரோப்பியரும், அதன் பிறகே நம்மவர். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளோடு இந்தியா செய்து, 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தைக் காட்டி இனி வேலை குவியும் என்று ஏஜென்ட் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகனுக்கு வேலை அனுமதி வாங்கித் தரும் ஒப்பந்தம் அல்ல அது. பிசினஸ் படிப்புக்குப் பெயர் பெற்ற செயின்ட் காலன் பல்கலைக்கழகத்திலேயே வெளிநாட்டு மாணவருக்கு ஒரு செமஸ்டர் ஃபீஸ் 3,000 பிராங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். உங்களிடம் வாங்குவது அதைப் போல் இரு மடங்குக்கு மேல்.

டாலர் கடன் இப்போது பல ஊர்களில் கருத்தரங்கு வைத்து விற்கப்படுகிறது. அடமானம் இல்லை என்பதைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். நீங்கள் சம்பாதிப்பது ரூபாய். ஃபீஸ் பிராங்க். கடன் டாலர். மூன்றில் எது எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அடி விழுவது உங்கள் சம்பளத்தில். மகனுக்கு அங்கே வேலை உறுதியில்லாத நிலையில் இதில் கையெழுத்துப் போடுவது, வீட்டை அடமானம் வைத்தது போதாதென்று உங்கள் ஓய்வுக்காலத்தையும் அடகு வைப்பது.

ஆகவே பிப்ரவரி ஃபீஸைக் கட்டாதீர்கள். மகன் தேறிய மூன்று செமஸ்டர்களின் மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்ட விவரத்தையும் முத்திரையோடு வாங்கிக்கொண்டு திரும்பட்டும். ஜூனில் இங்கே சேரும் கல்லூரி அவற்றில் எதையும் ஏற்காமல் முதல் வருடத்திலிருந்தே தொடங்கச் சொன்னாலும், மூன்று வருடச் செலவு அங்கே ஒரு செமஸ்டர் செலவுக்குள் அடங்கும். வங்கிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். இங்கே தொடரும் படிப்பைக் காட்டித் தவணைத் தொடக்கத்தைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். தள்ளி வைத்தாலும் மாத வட்டியான 21,000 ரூபாயை இப்போதிருந்தே சம்பளத்திலிருந்து கட்டிவிடுங்கள்.

மைத்துனரிடம் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். 53 லட்சம் என்று எழுதிய அந்தக் காகிதத்தை அவரிடம் கொடுங்கள். அவர் பங்கு எவ்வளவு என்று உங்கள் கணவரே கேட்கட்டும்.

கடைசியாக நகை. இதைப் படிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஒரு பகுதியை விற்றுவிடுங்கள். சேர்ந்த வட்டியோடு இன்று சுமார் 18.2 லட்சம் கட்ட வேண்டும். சேதாரக் கழிவு போக 19 பவுன் விற்றால் கடன் முடிந்துவிடும், 11 பவுன் வீட்டுக்கு வரும். வருடத்துக்கு ஏறத்தாழ 1.9 லட்சம் வட்டி அன்றோடு நிற்கும். பழைய நகை என்பதால் ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு. அது இரண்டு லட்சத்தை ஒட்டி வரலாம் என்பதால் விற்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். மீட்டு விற்றுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். உங்கள் நகை மூன்று தனிக் கணக்குகளில் இருப்பது இப்போது உதவும். உங்கள் தங்கை கைமாற்றாகத் தருவதாகச் சொன்ன ஆறு லட்சத்தில் ஒரு கணக்கை மீட்டு, விற்று, அந்தப் பணத்தில் அடுத்ததை மீட்கலாம். முதலில் வளையல்களை விற்கலாம், பிறகு சங்கிலி. அட்டிகையை விற்க வேண்டாம். கல்லின் எடையைக் கழித்துத்தான் கடையில் விலை போடுவார்கள், உங்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. அது உங்கள் அம்மா போட்டு அனுப்பியது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.