அண்ணா கனடாவில் இல்லை

கேள்வி: சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் என் தங்கச்சியின் மகன் இறந்துவிட்டான். அன்றைக்குக் காய்ச்சல் என்பதால் என் ஆறு வயது மகள் போகவில்லை. அண்ணா கனடாவுக்குப் போய்விட்டான் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். ஐந்து மாதமாகிறது. இரவில் பாயை நனைக்கிறாள். கதவு அடித்துச் சாத்தினாலே அலறுகிறாள். கனடாவிலிருந்து என் தம்பி போன் எடுத்தால் மட்டும் ஓடிவந்து பறிக்கிறாள். தங்கச்சி வீட்டுக்கு அவளைக் கூட்டிப் போவதில்லை. எப்படித் தேற்றுவது?
- ஒரு தாய், மட்டக்களப்பு

பதில்: தங்கச்சி, பாய் நனைவது இருக்கட்டும். பிள்ளை ஏன் போனைப் பறிக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியவில்லையா? அண்ணா கனடாவில் என்றீர்கள். கனடாவிலிருந்து போன் வருகிறது. அவள் அண்ணாவைத் தேடி ஓடி வருகிறாள். என்ன சொல்லிச் சமாளிக்கிறீர்கள்? ஐந்து மாதமாக ஒரு வார்த்தை பேசாத அண்ணனுக்குத் தன்மேல் என்ன கோபம் என்றுதான் அந்தக் குழந்தை யோசித்துக்கொண்டிருக்கும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. ஞாயிறு பாடசாலைக்குப் போன பிள்ளைகள் இறந்தார்கள். ஊரே அழுதது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை இதைச் சொல்லியிருக்காதா? வெளியில் ஒன்று, வீட்டில் ஒன்று கேட்கிற பிள்ளை எப்படி நிம்மதியாகத் தூங்கும்?

அதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். பொய் வெளிப்பட்டுவிடும் என்று உங்கள் தங்கச்சி வீட்டுக்கே பிள்ளையைக் கொண்டுபோகாமல் இருக்கிறீர்கள். பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு இருப்பவள் அவள். இந்த நேரத்தில் அக்கா குடும்பம் விலகி நின்றால் அவள் யார் மடியில் போய் அழுவாள்?

முதலில் நீங்கள் மட்டும் போய்த் தங்கச்சியோடு பேசுங்கள். அப்புறம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: "தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அண்ணா செத்துப்போனான். இனி வரமாட்டான். அவனுக்கு இப்போது வலி இல்லை. அம்மா உன்னிடம் பொய் சொன்னது பிழை." சொல்லை மாற்றாதீர்கள். தூங்குகிறான் என்றால் தூங்கப் பயப்படுவாள். கடவுள் கூட்டிக்கொண்டு போனார் என்றால் அடுத்தது அம்மாவா என்பாள். ஆறு வயதில் சாவு ஒரே நாளில் புரிந்துவிடாது. மறுநாளே "அண்ணா எப்ப வருவான்?" என்று கேட்பாள். அலுக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், நீங்களும் கூடவே அழலாம். தொலைக்காட்சியில் அந்தக் காட்சிகள் வந்தால் நிறுத்திவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகக் குண்டு வெடிப்பது போலத்தான் இருக்கும்.

பேச மறுத்தால் கடதாசியும் வர்ணமும் கொடுங்கள். 1996-இல் உங்கள் ஊரில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரில் நொந்த பிள்ளைகளை ஓவியம், களிமண், கதை, நாடகம் என்றுதான் மெல்லத் தேற்றினார்கள்.

பாயை நனைத்ததற்கு அதட்டவே கூடாது. ஆனால் இத்தனை மாதம் நீடிப்பதால், போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். அயலவர் பேச்சுக்குப் பயந்து இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கனடாவில் இருக்கும் தம்பிக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அவள் போனைப் பறித்துக் கேட்டால் அவரும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.